இருபது மாணவியருக்குக் கைப்பேசி: எந்த நிறுவனத்திடம் வாங்குவது?

பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்து இப்போது சென்னை, பெங்களூரு, துபாய் என்று சிதறிக் கிடக்கும் நண்பர்கள் சிலர், கல்லூரியில் முதலாண்டு சேரும் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வகையில் உதவி வருகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றும் குடும்பங்களைச் சேர்ந்த இருபது மாணவியருக்கு இந்த ஆண்டு கைப்பேசி வாங்கித் தருவதென்று முடிவு செய்து, தலைக்கு 18,000 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய் திரட்டியும் விட்டார்கள். பணம் சேர்ந்த பிறகே பிணக்கு வந்தது. தலைக்கு 12,000 ரூபாயில் முடித்தால் முப்பது பேருக்குக் கொடுக்கலாமே என்றது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பில் ஒருவர், "நம்ம பிள்ளையதான ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறிப் போயி இந்தப் போனைப் பூட்டிக்கிட்டு இருக்காவ, எந்தக் கம்பெனிக்காரன் அதுகள மனுசியா நடத்துதான்னு பாத்து வாங்காண்டாமா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஒப்பிட்டு எழுதித் தரும்படி இரு தரப்பும் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, பள்ளிக்குக் கணினி அறை திறந்து வைக்கும் புகைப்படம்தான். அந்தப் புகைப்படத்தின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்று வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. கைப்பேசி நிறுவனங்களின் ஆலைகளும் அலுவலகங்களும் நொய்டா, குருகிராம், பெங்களூரு, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போன்ற இடங்களில் இருக்கின்றன. தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பெண் அங்கே வேலைக்குப் போனாலும், சட்டத்தின் கணக்கில் அவளுடைய ஊர் அந்த ஆலையின் சுற்றுவட்டாரம் ஆகாது. ஆகவே இந்த 2 விழுக்காட்டை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி 98 விழுக்காட்டை அந்த நிறுவனம் எந்த வழியில் ஈட்டியது என்று பார்ப்பதே சரியான அளவை என்று கருதுகிறேன். நிறுவனத்தின் வியாபார உத்தியிலேயே அதன் பொறுப்பும் பொறுப்பின்மையும் பதிந்திருக்கின்றன.

அப்படிப் பார்க்க நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, கைப்பேசியின் ஆயுள். ஒரு கைப்பேசி தன் வாழ்நாள் முழுவதும் உண்டாக்கும் கரிம வெளியீட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அது கடைக்கு வருமுன் உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதை ஆப்பிள் நிறுவனமே தன் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் காட்டியிருக்கிறது. எனவே பெட்டியில் பசுமை இலைப் படம் அச்சிடுவதைவிட, மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை எத்தனை ஆண்டுகளுக்குத் தருவதாக நிறுவனம் உறுதி கூறுகிறது என்பதே பொருட்படுத்த வேண்டியது. அப்டேட் நின்ற கைப்பேசியில் வங்கிச் செயலிகளை வைத்துக்கொள்வது ஆபத்து. கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

இரண்டாவது, பழுது பார்க்கும் வசதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியபோது என் கைப்பேசியும் நனைந்தது. நீர் புகாத தன்மைக்கான சான்று அதற்கு உண்டென்று பெட்டியில் எழுதியிருந்தது. சேவை மையத்தில், உள்ளே இருக்கும் சிறு ஒட்டுவில்லை நிறம் மாறியிருப்பதைக் காட்டி, நீரால் வரும் சேதம் வாரண்டியில் அடங்காது என்றார்கள். சொன்ன தொகை, கைப்பேசியின் விலையில் பாதிக்கு மேல். பெட்டியின் மேல் எழுதியிருந்ததும் வாரண்டித் தாளின் உள்ளே எழுதியிருந்ததும் ஒரே நிறுவனத்தின் வாக்குத்தான் என்பதை அன்று உணர்ந்தேன். அது அந்த நிறுவனத்தின் தனிப் பழக்கமும் அல்ல. பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது, உழைப்பு. உதிரிப்பாகங்களைப் பூட்டிக் கைப்பேசியாக்கும் ஆலையில் வேலை செய்பவருக்கு என்ன நேர்கிறது என்பதோடு இது முடிவதில்லை. பேட்டரிக்கான கோபால்ட் என்ற உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் சேரும். உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வதை 2016இல் அம்னஸ்டி இண்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு ஆவணப்படுத்தியது. இந்தக் கறை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட இது அதிகம் உதவாது. ஆலை வாழ்க்கைதான் பிரித்துக் காட்டும்.

நான்காவது, லாபம் வரும் வாய்க்கால். நிறுவனம் கைப்பேசியை விற்றுச் சம்பாதிக்கிறதா, அல்லது அதை வாங்கியவரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்றுச் சம்பாதிக்கிறதா?

இவை நான்கிலும் தேறக்கூடிய ஒரு நிறுவனம் உலகில் உண்டா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனத்தைச் சொல்லலாம். 2023இல் வெளிவந்த அதன் ஐந்தாம் மாதிரிக்கு ஐந்து ஆண்டு வாரண்டியும் எட்டு ஆண்டு அப்டேட் உறுதியும் தரப்பட்டன. பேட்டரியையும் திரையையும் வாங்கியவரே சாதாரண ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்நிறுவனம் இந்தியாவில் விற்பதில்லை என்பதால் நமக்கு அது ஓர் உரைகல் மட்டுமே.

## ஆப்பிள்: விலையும் பூட்டும்

ஆயுளில் ஆப்பிள் நெடுங்காலமாக முன்னே நிற்கிறது. 2018இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் வரையில் புதிய பதிப்புகளைப் பெற்றது. கைப்பேசியை அதிக விலைக்கு விற்றே பெரும்பகுதி வருமானத்தை ஈட்டுவதால், வாங்கியவரின் முகப்புத் திரையில் விளம்பரங்களைக் கொட்டவேண்டிய நெருக்கடியும் அதற்கு இல்லை.

ஆனால் அதே உத்தியின் மறுபக்கம் பழுதில் தெரிகிறது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன்பின் இந்தியாவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக ஓராண்டுக்குக் குறைத்தது. 2020இல் அமெரிக்க வழக்கு ஒன்றில் 50 கோடி டாலர் வரை தர இணங்கியது. கைப்பேசி மெதுவானதால் புதியது வாங்கியவர்களில் எத்தனை பேர், பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்பதை அறிந்திருப்பார்கள்? 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டியதையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். பெட்டி சிறியதானது உண்மை, அதனால் போக்குவரத்தில் வெளியீடு குறைந்ததும் உண்மை. சார்ஜர் இல்லாதவர் தனியாகப் பணம் கொடுத்து வாங்கினார் என்பதும் உண்மை. உத்தியும் பொறுப்பும் ஒரே திசையில் போகும்போது நிறுவனம் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது.

நம் மாணவியரின் அக்காமார்களுக்கு நெருக்கமான பகுதி ஆலைதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆப்பிளுக்காக ஒப்பந்தத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் மறியல் செய்தார்கள், ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 2022 ஜனவரியில் ஆலை மீண்டும் திறந்தது. மணமான பெண்களை ஐபோன் பூட்டும் வேலைக்கு எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தியாக வெளிவந்தபோது, ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் விடுதி திறக்கப்பட்டது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு செய்திகள். பிறர் ஆலையில் பூட்டச் செய்யும் உத்தியில், தவறு நேரும்போது பழி ஒப்பந்தக்காரருக்கும் திருத்தும் பெருமை நிறுவனத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஆயினும், உலகமே பெயர் அறிந்த நிறுவனம் என்பதால்தான் அந்த மறியல் உலகச் செய்தியாகி, திருத்தமும் வந்தது. பெயர் தெரியாத நிறுவனமாக இருந்திருந்தால் அந்தப் பெண்களின் குரல் பூந்தமல்லியைத் தாண்டியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு விலை இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வந்தது. நண்பர்கள் திரட்டிய மொத்தப் பணத்துக்கும் நான்குதான் கிடைத்திருக்கும். இந்தத் திட்டத்துக்குப் புதிய ஐபோன் பொருந்தாது.

## சாம்சங்: எல்லா விலையிலும் ஒன்று

விலையின் எல்லாப் படிகளிலும் ஒரு மாதிரி வைத்திருப்பது சாம்சங்கின் உத்தி. அதனால் நெடுங்காலம், விலை உயர்ந்த மாதிரிக்கு நீண்ட அப்டேட்டும் விலை குறைந்ததற்குக் குறுகிய அப்டேட்டும் என்ற பாகுபாடு இருந்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழாண்டு உறுதி வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நடுத்தர விலையில் வந்த கேலக்ஸி ஏ16க்கு ஆறாண்டு உறுதி கிடைத்தது. நம் வரவுசெலவுக்கு இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. இருபதாயிரத்துக்குள் ஆறாண்டு என்பது அதற்கு முன் எளிதில் கிடைக்காத ஒன்று.

உழைப்பின் கணக்கில் இதன் ஏடு கனமானது. தென்கொரியாவில் இதன் சில்லு ஆலைகளில் வேலை செய்த இளம் தொழிலாளர்கள் ரத்தப்புற்றுநோய்க்கு ஆளானது பற்றிய போராட்டம் 2007இல் ஒரு பெண்ணின் மரணத்திலிருந்து தொடங்கி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு இணங்க 2018 நவம்பர் ஆயிற்று. தொழிற்சங்கமே கூடாது என்றிருந்த கொள்கையைக் கைவிடுவதாக அதன் துணைத் தலைவர் 2020 மே மாதத்தில் அறிவித்தார். ஆனால் 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது சங்கத்துக்கான அங்கீகாரம் கேட்டுத்தான். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவாயிற்று. அங்கே தயாராவது தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும். கைப்பேசி ஆலை நொய்டாவில் இருக்கிறது. ஆயினும் முதலாளி ஒருவரே.

ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. சாம்சங் பெரும்பாலும் தன் சொந்த ஆலையில் செய்கிறது. ஆகையால் வேலைநிறுத்தம் செய்தவர்கள் யாரிடம் பேசவேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. பழியை வைக்க நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை. கேட்கும் உரிமைக்கு இது பெரிய அனுகூலம், கேட்டது கிடைக்க நாளானாலும்.

## ஷாவ்மி: ஐந்து விழுக்காட்டுக் கணக்கு

கைப்பேசி முதலிய பொருள்களின் விற்பனையில் தன் நிகர லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று ஷாவ்மி 2018 ஏப்ரலில் உறுதி கூறியது. முப்பது பேருக்குக் கொடுக்கலாம் என்ற தரப்பின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது இந்த உறுதிதான். அதை ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழைக் குடும்பங்களில் முதன்முதலாக ஒரு திரை ஒளிர்ந்ததில் இத்தகைய நிறுவனங்களின் பங்கு பெரியது.

ஆனால் அந்த 5 விழுக்காட்டுக்கு வெளியே இன்னொரு வாய்க்கால் ஓடுகிறது. இணையச் சேவைகள் என்று நிறுவனம் கணக்கெழுதும் வருமானத்தில் விளம்பரத்துக்கு முதன்மையான இடம் உண்டு. முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகளும், அறிவிப்புப் பட்டையில் வந்து விழும் விளம்பரங்களும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவை. அமைப்புகளுக்குள் சென்று இவற்றில் பலவற்றை நிறுத்தலாம். நிறுத்தத் தெரிந்தவர் நிறுத்துவார். தெரியாதவரிடமிருந்து தள்ளுபடி விலை தவணை தவணையாகத் திரும்ப வசூலாகிறது. முதன்முறையாகக் கைப்பேசி கைக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தில் இருப்பாள் என்று ஊகிக்கக் கடினமில்லை.

அப்டேட் உறுதி மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது; கடை அண்ணாச்சியின் வாய்மொழியை நம்பாமல் நிறுவனத்தின் தளத்தில் மாதிரிப் பெயரை இட்டுப் பார்க்கவேண்டும். வெளிநாட்டுக்கு முறைகேடாகப் பணம் அனுப்பியதாகக் கூறி, 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் இந்நிறுவனத்தின் 5,551 கோடி ரூபாயை முடக்கியது. அனுப்பியது முறையான உரிமத்தொகை என்று நிறுவனம் வாதிடுகிறது.

## பழையதைப் புதுப்பித்து வாங்குவது

நான்காவது வழி, ஏற்கெனவே பிறந்துவிட்ட கைப்பேசியின் ஆயுளை நீட்டுவது. சுற்றுச்சூழல் கணக்கில் இதற்கு ஈடில்லை. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகள், தயாரிப்பாளர்களின் மறுசுழற்சி இலக்கை 60 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 80க்கு உயர்த்துகின்றன. இருந்தும் பழைய கைப்பேசி அலமாரியில்தான் கிடக்கிறது, அல்லது குப்பை வண்டியேறி ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்குக்குப் போகிறது.

அபாயம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத கைப்பேசியில் இருக்கிறது. திரை 'கம்பெனி டிஸ்ப்ளே'யா 'டூப்ளிகேட்'டா என்பதை வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாது. திருட்டுப் பொருளாக இருந்தால் பிள்ளை காவல் நிலையத்தில் நிற்க நேரும். ஐபோன்களில் வேறு உதிரிப்பாகம் பொருத்தினால் அது அசலா என்று கைப்பேசியே எச்சரிக்கை காட்டும். இருபது கைப்பேசிகளை இப்படிச் சந்தையிலிருந்து பொறுக்க நண்பர்களுக்கு நேரமும் இல்லை, தேர்ச்சியும் இல்லை.

| | ஆயுள் | பழுது | உழைப்பு | லாபம் வரும் வழி |
|---|---|---|---|---|
| ஆப்பிள் | நீண்டது | செலவு அதிகம் | ஒப்பந்த ஆலை, வெளிச்சம் அதிகம் | பெரும்பாலும் விலை |
| சாம்சங் (நடுத்தரம்) | மாதிரியைப் பொறுத்து ஆறாண்டு வரை | நடுத்தரம் | சொந்த ஆலை, சங்கத் தகராறு | பெரும்பாலும் விலை |
| ஷாவ்மி (குறைந்த விலை) | மாதிரியைப் பொறுத்தது | செலவு குறைவு | நாம் அறிவது குறைவு | விலையும் விளம்பரமும் |
| புதுப்பித்தது | எஞ்சிய ஆண்டுகள் | கைராசியைப் பொறுத்தது | புதிய உழைப்பு இல்லை | கடைக்காரருக்கு |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

12,000 ரூபாய்க் கைப்பேசி மூன்றாண்டு பாதுகாப்பாக இருக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 4,000 ரூபாய். 18,000 ரூபாய்க் கைப்பேசி ஆறாண்டு இருந்து, நடுவில் ஒருமுறை 2,000 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,333 ரூபாய். எண்களை வைத்துப் பார்த்தால் விலை கூடியதே மலிவு. ஆனால் இளங்கலைப் படிப்பே மூன்றாண்டுதான் என்று எதிர்த்தரப்பு கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. என் பதில் இது: படிப்பு முடிந்து வேலை தேடும் நாளில்தான் கைப்பேசி கண்டிப்பாகத் தேவைப்படும், புதியது வாங்கப் பணம் இல்லாத நாளும் அதுதான்.

உடைந்த திரையின் செலவை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. வாங்குமுன் அந்த மாதிரியின் அசல் திரைக்கு நெல்லைச் சேவை மையத்தில் என்ன விலை என்று கேட்டு, அது கைப்பேசி விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் அந்த மாதிரியை விட்டுவிடலாம். உதிரிப்பாகம், வாரண்டி விவரங்களை ஓரிடத்தில் பார்க்க, மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளமும் இருக்கிறது.

## யாருக்கு எது

இருபது மாணவியருக்கும் ஆறாண்டு அப்டேட் உறுதியுள்ள நடுத்தரக் கைப்பேசியே என் தேர்வு. இன்றைய நிலையில் அது சாம்சங்கின் பக்கம் சாய்கிறது. அந்த நிறுவனம் நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் உறுதி எழுத்தில் இருக்கிறது, அதன் தொழிலாளருக்குக் கேட்க ஒரு வாசல் திறந்திருக்கிறது என்ற இரண்டு காரணங்களுக்காகவே சொல்கிறேன். பணம் இதற்குமேல் ஒரு ரூபாயும் வராது, முப்பது பேரும் உடனே படிக்கவேண்டும் என்ற நிலையில் ஷாவ்மி வகை சரியானதே. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்து விளம்பரங்களை அணைத்துக் கொடுக்கும் வேலையை நண்பர்கள் தங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். காணொளி எடுத்துத் தொழில் செய்யப் போகும் பிள்ளை என்றால், சொந்தச் சேமிப்பும் சேர்த்து ஐபோனுக்குப் போவதில் தவறில்லை.

விடுபடும் பத்துப் பேருக்கு வேறு வழி இருக்கிறது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் நண்பர்கள் எல்லாரும் இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை கைப்பேசி மாற்றுகிறவர்கள். பழையது ஒவ்வொருவர் அலமாரியிலும் தூங்குகிறது. எங்கிருந்து வந்தது என்ற ஐயம் அதில் இல்லை, முதல் உரிமையாளர் வாட்ஸ்ஆப் குழுவிலேயே இருக்கிறார். இன்னும் அப்டேட் வரும் கைப்பேசிகளாகப் பத்தைத் தேர்ந்து, சேவை மையத்தில் அசல் பேட்டரி போட்டுக் கொடுத்தால் பேட்டரிக்கு மட்டுமே புதிய சந்தா தேவைப்படும்.

கொடுக்குமுன் ஐகிளவுட் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடவேண்டும்; இதை மறந்தால் பிள்ளையின் கையில் திறக்காத பூட்டுத்தான் இருக்கும். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற கைப்பேசியின் அடையாள எண்ணை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். புதிய இருபதுக்கும் ரசீதை அறக்கொடை தந்தவர் பெயரில் போடாமல் ஒவ்வொரு மாணவியின் பெயரிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அவள் எந்த ஊரில் இருந்தாலும் வாரண்டியும் புகாரும் அந்தப் பெயரில்தான் நடக்கும்.